ஆற்றுக்கு ஒரு கொடி

பணகுடிப் பக்கம் ஆனி பிறந்துவிட்டால் காற்று பிடித்துக்கொள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்கி, காவல்கிணறு, வள்ளியூர், இராதாபுரம் என்று கடற்கரை வரைக்கும் ஒரே வீச்சாக அடிக்கும். காற்றாலைக்காரர்களுக்கு அதுதான் அறுவடை. கொடி தைக்கிற எனக்கோ அது தேர்வுக்காலம். சித்திரையில் கம்பத்தில் ஏறி, ஆடி கழிந்த பிறகும் நான்கு மூலையோடு நிற்கிற கொடியைப் பார்த்துவிட்டால், அதைத் தைத்தது யார் என்று விசாரிக்காமல் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன்.

கொடி எப்போதும் நுனியிலிருந்துதான் கெடும். கம்பத்தோடு கட்டிய பக்கம் அதிகம் அசையாது. எதிர்ப்பக்கம் இரவு பகலாகச் சாட்டையடி வாங்கும். முதலில் நுனியின் இரண்டு மூலைகளிலும் தையல் விடும். மடிப்பு பிரிந்ததும் குறுக்கே ஓடும் ஊடை இழைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் மட்டும் தனித்துத் தொங்கும். அந்த நிலையிலேயே இறக்கி, பிய்ந்த பகுதியை வெட்டி மறுபடி மடித்துத் தைத்தால் கொடி நான்கு விரல் குறையும், ஆனால் இன்னொரு பருவம் தாங்கும். யாரும் இறக்குவதில்லை. அது கந்தலாகி, கம்பத்தில் ஒரு நாடா மட்டும் மிஞ்சும்வரை விட்டுவிடுகிறார்கள். பஸ்ஸில் போகும்போது அப்படிப்பட்ட கம்பங்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நுனி ஓரத்தை நான் இரண்டு மடிப்பு மடித்து நான்கு வரிசைத் தையல் போடுவேன். மூலைகளில் அதே துணியில் முக்கோணத் துண்டு வைத்து மூன்று பக்கமும் ஓட்டிவிடுவேன். பருத்தி நூல் மழையில் மக்கிப்போகும், ஆகவே பாலியஸ்டர் நூல்தான். இரண்டு நிறத் துணிகளைச் சேர்க்கும்போது ஓவர்லாக் அடித்துவிட்டுப் போனால் ஒரு பக்கம் அழகாகவும் மறுபக்கம் பிசிராகவும் இருக்கும். சட்டைக்கு அது போதும், உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. கொடிக்கு உட்புறம் என்று ஒன்று கிடையாது. இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். ஜீன்ஸ் கால்சட்டையின் பக்கவாட்டில் இருக்குமே, அதே தையல். கம்பப் பக்கத்தில் கெட்டியான காடாத் துணியில் பட்டை வைத்து, அதற்குள் கயிறு ஓட விடுவேன். மேலும் கீழும் கயிற்றைத் துணியோடு சேர்த்துத் தைக்காவிட்டால், காற்றில் கொடி நழுவி அடியில் சுருண்டுவிடும். மூலை சுருண்டு தொங்கும் கொடிகளில் பாதிக்குக் காரணம் இந்த ஒரு தையல் இல்லாததுதான்.

வள்ளியூரில் தையல்கடை வைத்திருக்கிறேன். வைகாசியில் பள்ளிச் சீருடை, தை மாதம் ரவிக்கை, தேர்தல் வந்தால் கட்சிக்கொடி. பிழைப்பு இவற்றில்தான் ஓடுகிறது. இவை போக, யாரும் கேட்காமலும் கூலி இல்லாமலும் நான் தைக்கிற கொடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. உலக நாடுகளின் கொடிகள், கப்பல்களின் சைகைக்கொடிகள், பழைய கொடிகள், நானே வரைந்தவை. கொடிகளின் வரலாற்றையும் வடிவத்தையும் ஆராய்வதற்குக் கொடியியல் என்று பெயர். இதற்கென்றே பல நாடுகளில் சங்கங்கள் உண்டு. இந்தத் துறைக்குப் பெயர் சூட்டிய அமெரிக்கர் விட்னி ஸ்மித், 1966இல் விடுதலை பெற்ற கயானாவுக்குக் கொடி வரைந்தவர். பச்சைத் துணியில் ஒரு மஞ்சள் அம்பு, அதன் மேல் ஒரு சிவப்பு முக்கோணம். நிறங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க இடையில் மெல்லிய வெள்ளைக் கோடும் கருப்புக் கோடும் ஓடும். தையல்காரர்கள் பைப்பிங் என்று சொல்வதைத்தான் கொடி வரைகிறவர்களும் செய்கிறார்கள் என்று அதைத் தைத்தபோது புரிந்தது. பச்சையோடு சிவப்பை நேராக ஒட்டினால் தூரத்தில் இரண்டும் கலங்கித் தெரியும். நடுவில் வெள்ளையோ மஞ்சளோ ஓடினால் இரண்டும் தெளியும்.

எனக்கு இந்த ஆசை வந்தது அப்பாவால். அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் பைலட் படகில் வேலை பார்த்தார். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு, அதை உள்ளே ஓட்டி வரும் பைலட்டைக் கொண்டுபோய் ஏற்றுகிற படகு. கப்பல் வாய் திறந்து பேசாது, கொடியால்தான் பேசும் என்பார். மஞ்சளும் நீலமும் மாறி மாறி ஆறு நெடுக்குப் பட்டைகள் என்றால் பைலட் வேண்டும். பாதி வெள்ளை, பாதி சிவப்பு என்றால் பைலட் ஏறிவிட்டார். முழு மஞ்சள் என்றால், கப்பலில் நோய் இல்லை, துறைமுகத்துக்குள் வர அனுமதி வேண்டும். முழுச் சிவப்பு என்றால் அபாயகரமான சரக்கு. நீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம் ஏறினால் கப்பல் புறப்படப் போகிறது, கரையில் இருக்கும் மாலுமிகள் எல்லோரும் வந்து ஏற வேண்டும். அந்தச் சைகைக்கொடிகள் முழுவதையும் சிவப்பு, நீலம், மஞ்சள், கருப்பு, வெள்ளை என்ற ஐந்தே நிறங்களில் முடித்திருக்கிறார்கள். பச்சை கிடையாது. கடல் வெளிச்சத்தில் தூரத்துப் பச்சை நீலமாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். பார்க்கிறவரின் கண்ணை முதலில் நினைத்து, அழகைப் பிறகு நினைத்துச் செய்த கொடிகள் அவை. அதனாலேயே அவை அத்தனை அழகு.

கப்பலின் பின்னால் பறக்கும் நாட்டுக்கொடியையும் அப்பா காட்டித் தருவார். சரக்கு எங்கிருந்து வந்தாலும் சரி, பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்றும்தான் அடிக்கடி கண்ணில் படும். அங்கே பதிவு செய்வது கப்பல் முதலாளிகளுக்கு வசதி. நான் இந்த நாடுகளைப் படத்தில் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவற்றின் கொடிகளை மனப்பாடமாக வரைவேன். வந்து நிற்கும் நாட்டுக்கு மரியாதையாக, அந்தக் கப்பல்களின் பாய்மரத்தில் வலதுபுறம் நம் மூவர்ணக்கொடியும் பறக்கும்.

கொடி என்றால் அரசாங்க விஷயம் என்றும், படித்தவர்களின் பொழுதுபோக்கு என்றும் சிலர் நினைக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவருக்கு அப்படித் தோன்றவே கூடாது. இங்கே எந்த விழாவும் கொடி ஏறாமல் தொடங்காது. ஆனியில் நெல்லையப்பர் கோயிலில் தேர் ஓட வேண்டுமென்றால் முதலில் கொடிப்பட்டம் ஏற வேண்டும். திருச்செந்தூரில் ஆவணிக்கும் மாசிக்கும் அப்படித்தான். தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. பொட்டல்புதூர் தர்காவில் கந்தூரிக்குக் கொடி ஊர்வலம். தெற்கே போனால் அய்யாவழிப் பதிகளில் காவிக்கொடி. ஒரு வருடத்தில் எந்த மாதத்தை எடுத்தாலும் இந்தச் சீமையில் எங்கேயாவது ஒரு துணி கம்பம் ஏறிக்கொண்டிருக்கும், அதை ஒரு கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

இவற்றில் கோயில் கொடிப்பட்டம் தனி வகை. நீளமான, ஒடுக்கமான வெள்ளைத் துணி. சிவன் கோயில் என்றால் நந்தி, பெருமாள் கோயில் என்றால் கருடன் வரைந்திருக்கும். பூஜை முடிந்து மேலே ஏறியதும் அது பறப்பதில்லை. தர்ப்பைப்புல்லோடு சேர்த்துக் கம்பத்தில் சுற்றப்பட்டுவிடும். தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்றாமல், ஏறிவிட்டது என்பதற்காகவே ஏற்றுகிற கொடி. அதைப் பறக்கும் கொடியின் அளவுகோலால் அளக்க முடியாது.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பட்டியலே போட்டிருக்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி, கற்றறிந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடி, துறையில் அசையும் மரக்கலங்களின் மேல் கொடி, கள் விற்கும் இடத்தில் கொடி. அத்தனை பேரும் துணியைக்கொண்டு தம்மை அறிவித்திருக்கிறார்கள். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, எங்கள் பாண்டியனுக்குக் கயல் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். வில்லை மூன்று கோட்டில் வரையலாம், மீனை இரண்டு வளைவில் வரையலாம். புலி மட்டும் தையலுக்குக் கஷ்டம்.

நல்ல கொடிக்கு இலக்கணம் என்று கொடியியலாளர்கள் சில விதிகளைச் சொல்கிறார்கள். ஒரு குழந்தை நினைவிலிருந்து வரையும் அளவுக்கு எளிமை. இரண்டு மூன்று நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். எழுத்தும் முத்திரையும் வேண்டாம். வேறு எந்தக் கொடியோடும் குழம்பக் கூடாது. இந்த விதிகளைத் தைத்துப் பார்த்தே நான் ஒப்புக்கொண்டேன். கட்சிச் சார்பை ஒதுக்கிவிட்டுத் துணியாக மட்டும் பார்த்தால், தமிழ்நாட்டில் பிறந்த கொடிகளில் திராவிடர் கழகக் கொடியை மிஞ்சுவது எனக்குத் தெரிந்து இல்லை. கருப்புக்கு நடுவே ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். அந்தி வெளிச்சத்திலும் தெரியும், பஸ் ஓடும்போதும் தெரியும். 1949இல் பிரிந்து வந்த திராவிட முன்னேற்றக் கழகம் அதே இரண்டு நிறங்களை மேலும் கீழுமாக வைத்துக்கொண்டது. பிரிந்த பிறகும் உறவு தெரிகிறது, குழப்பமும் இல்லை. அரிவாளும் சுத்தியலும் அழகான சின்னம்தான். ஆனால் துணியில் வெட்டி ஒட்டும்போது அரிவாளின் கூர்நுனியில் பிசிர் இல்லாமல் தைக்க நல்ல கைத்திறன் வேண்டும்.

1970இல் முதல்வர் கருணாநிதி தமிழ்நாட்டுக்கென்று ஒரு கொடி வடிவத்தை முன்வைத்தார். மேலே ஒரு மூலையில் மூவர்ணக்கொடி, கீழே எதிர்மூலையில் கோபுரச் சின்னம். அது நடைமுறைக்கு வரவில்லை. மாநிலத்துக்கு ஒரு கொடி வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அந்த வடிவத்தில் எனக்கு நிறைவு இல்லை. கோபுரம் காகிதத்தில் கம்பீரம், கல்லில் அதைவிடக் கம்பீரம். அதைச் சுருக்கிக் கொடியின் மூலையில் வைத்தால், முப்பது அடி உயரத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

மூவர்ணக்கொடியை நான் விற்பனைக்குத் தைப்பதில்லை. 2021 டிசம்பரில் விதி திருத்தப்பட்ட பிறகு பாலியஸ்டரிலும் இயந்திரத்திலும் செய்யலாம். 2022 ஆகஸ்டில் ஊரெல்லாம் மகளிர் குழுக்கள் தைத்தார்கள். ஆனாலும் கர்நாடகத்து ஹூப்ளி பெங்கேரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்றோடு கதர்த் துணிக்குச் சாயமிட்டு, தைத்து, சோதித்துத் தருகிற கொடியைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு வேறொன்று கொடியாகவே தோன்றாது. 6300க்கு 4200 மில்லிமீட்டரிலிருந்து 150க்கு 100 வரை ஒன்பது அளவுகள், எல்லாம் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். சக்கரத்தின் 24 ஆரங்களும் இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி விழ வேண்டும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஓர் ஆரம்கூட இரட்டையாகத் தெரியாது.

கண்ணுக்கும் காற்றுக்கும் உள்ள உறவை ஒரு நாடு எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் வங்கதேசக் கொடியை எடுத்துக்கொள்வேன். பச்சையில் சிவப்பு வட்டம். அந்த வட்டம் நடுவில் இருக்காது. நீளத்தை இருபது பங்காக்கி, கம்பத்திலிருந்து ஒன்பதாவது பங்கில் அதன் மையத்தை வைத்திருக்கிறார்கள். மேசையில் விரித்தால் ஒதுங்கித் தெரியும். பறக்கும்போது நுனிப்பக்கம் அலைந்து மடிவதால் கண்ணுக்கு நீளம் குறைந்து, வட்டம் சரியாக நடுவில் வந்து நிற்கும். கொடி மேசைக்காக அல்ல, காற்றுக்காக என்று 1972இலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

எட்டயபுரத்துப் பாரதியின் கொடிப்பாட்டை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சுதந்திர தினத்தன்று பாடாத வருடம் இல்லை. அதில் பறப்பது மூவர்ணக்கொடி என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பாட்டை நிறுத்திப் படித்தால் வேறு கொடி தெரியும். செந்நிறப் பட்டு. அதில் வந்தே மாதரம் என்ற எழுத்து. ஒரு பக்கம் இந்திரனின் வச்சிராயுதம், இன்னொரு பக்கம் இளம்பிறை. சகோதரி நிவேதிதை 1906 வாக்கில் வடிவமைத்த கொடியில் வச்சிரமும் வந்தே மாதரமும் உண்டு. அதே 1906 ஆகஸ்டில் கல்கத்தாவில் ஏற்றிய கொடியில் பிறையும் சூரியனும் வந்தே மாதரமும் உண்டு. பாரதியின் கொடியில் வச்சிரமும் பிறையும் ஒரே துணியில் சேர்ந்து நிற்கின்றன. நான் அதைப் பாட்டு வரிகளை வைத்துக்கொண்டே தைத்தேன். அரக்குச் சிவப்புப் பட்டில் மஞ்சள் நிறத்தில் வச்சிரம், வெள்ளையில் பிறை, நடுவில் எழுத்து. எழுத்து கூடாது என்ற விதியை அது மீறுகிறது. மறுபக்கத்திலிருந்து படித்தால் இடவலம் மாறித்தான் தெரியும். அந்த எழுத்தை உச்சரித்தாலே சிறைக்குப் போக வேண்டிய காலம் அது. அந்தக் கொடிக்கு அந்த எழுத்து இருந்தே ஆக வேண்டும். விதியைவிட அது பெரிது.

அந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கொடியைப் பற்றியது கூட அல்ல. கம்பத்தின் கீழே நிற்கிறவர்களைப் பற்றியது. தமிழர், தெலுங்கர், கன்னடர், துளுவர் என்று ஒவ்வொரு கூட்டமாக வந்து நிற்பதைச் சொல்லிக்கொண்டே போகிறார். துணியில் என்ன இருக்கிறது என்பதோடு, அதன் கீழே யாரெல்லாம் வந்து நிற்கலாம் என்பதும் அவருக்குக் கொடியின் இலக்கணமாக இருந்திருக்கிறது.

எங்கள் சீமைக்கு ஒரு கொடி வரைய உட்கார்ந்தபோது என்னை உலுக்கியது இந்த இரண்டாவது கேள்விதான். இங்கே நிறம் வெறும் நிறமல்ல. பள்ளிக்கூடப் பையனின் மணிக்கட்டைப் பார்த்து, அதில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைவைத்து அவன் எந்தச் சாதி என்று இன்னொரு பையன் சொல்லிவிடும் ஊர் இது. ஊர் எல்லையில் மின்கம்பம், சுவர், திண்டு எல்லாம் இன்ன நிறம் என்றால் இன்னார் தெரு. 2019இல் கல்வித்துறை கயிறு கட்டக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். வள்ளியூரிலிருந்து நாங்குநேரி எவ்வளவு தூரம்? அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளங்களுக்குத் தடை வேண்டும் என்று பரிந்துரை இருந்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடங்களில் கட்சிகளும் சாதி, மத அமைப்புகளும் நிரந்தரமாக நட்ட கொடிக்கம்பங்களை அகற்றச் சொன்னது. எந்நேரமும் நிறங்களோடு புழங்குகிற எனக்கு, ஒரு முழக் கயிறு இவ்வளவு செய்யுமா என்று நினைக்கும்போது வயிறு கலங்குகிறது. நானும் அந்த நிறங்களைத்தான் வெட்டுகிறேன், தைக்கிறேன்.

வரைந்த வடிவங்களைத் துணியில் தைத்துக் கடை வாசலில் தொங்கவிடுவேன். எதிரே டீக்கடை அண்ணாச்சி முதல் ஆளாக வந்து பார்ப்பார். சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று வைத்தேன். "தங்கச்சி, இதை இங்கே தொங்கவிடாதே. அவர்கள் சங்கத்துக் கொடி என்று நினைத்துக்கொள்வார்கள்" என்றார். பச்சையும் சிவப்பும் வைத்தேன். அதற்கும் ஒரு பெயர் சொன்னார். நீலமும் சிவப்பும் என்றால் இன்னொரு பெயர். அவர் தவறாகச் சொல்லவில்லை. முப்பது வருடமாக அந்த முக்கில் நிற்கிறவர், எந்த நிறம் யார் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சைகைக்கொடியின் ஐந்து நிறங்களில், இந்தச் சீமையில் சொந்தக்காரர் இல்லாதது வெள்ளை ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்காவுக்கு இதைவிடக் கடுமையான நிலை இருந்தது. 1994இல் முதல் பொதுத்தேர்தலுக்கு முன் அவசரமாக ஒரு கொடி வேண்டும். கருப்பு, பச்சை, மஞ்சள் விடுதலை இயக்கத்தின் நிறங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் பழைய கொடிகளின் நிறங்கள். ஃபிரெடெரிக் பிரவுனெல் என்ற அந்நாட்டு அரசுச் சின்னங்களின் அதிகாரி, 1993இல் சூரிக் நகரில் கொடியியலாளர் மாநாட்டில் உட்கார்ந்திருந்தபோது கையிலிருந்த தாளில் ஒரு வடிவம் கிறுக்கினார். இரண்டாகப் பிரிந்து வரும் பாதை ஒன்றாகச் சேர்ந்து போவதுபோல் ஒரு பச்சைப் பட்டை. ஆறு நிறங்களும் அதில் இருந்தன. தற்காலிகம் என்று சொல்லி 1994 ஏப்ரல் 27 அன்று ஏற்றிய கொடியை மக்கள் பிடித்துக்கொண்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. எல்லா நிறத்தையும் சேர்ப்பது அவர்கள் வழி. ஆறு நிறம் வைத்தும் கண் உறுத்தாமல் அமைந்தது பிரவுனெலின் திறமை. எங்கள் ஊரில் அது நடக்காது என்றே தோன்றுகிறது. இங்கே எந்த நிறம் மேலே, எந்த நிறம் கீழே என்பதிலேயே சண்டை வந்துவிடும். யாரும் கட்டியிராத நிறத்தைத்தான் தேட வேண்டும்.

அப்படித்தான் செம்பு நிறத்துக்கு வந்தேன். தாமிரபரணிக்குச் செம்பு என்றால் விளக்கம் வேண்டாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை, பழைய நெல்லை மாவட்டத்தைவிட்டு வெளியே கால் வைக்காத ஆறு. பாபநாசத்தில் முழுகுகிறவனும், ஏரலில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனும், தூத்துக்குடியில் குழாயைத் திறக்கிறவனும் அதைத்தான் குடிக்கிறார்கள். சீமைக்குக் கொடி என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஆற்றுக்குக் கொடி என்று மாற்றிக்கொண்டேன். ஆற்றுக்கு எல்லைத்தகராறு இல்லை.

இன்னொரு நிறத்தைப் பத்தமடைப் பாயிலிருந்து எடுத்தேன். ஆற்றங்கரைக் கோரையை ஆற்றுத் தண்ணீரிலேயே ஊறப்போட்டு, நூலாகக் கிழித்து நெய்கிற பாய். சாயம் ஏறாத கோரையின் நிறம் வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. பத்தமடையில் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள் நெய்கிற பாயில், எந்தச் சாதி மதத்துக் கல்யாணமானாலும் மணமக்கள் பெயரை இழைத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கோரை நிறத்தைக் கொடியின் தளமாக வைத்தேன். சலவை செய்யாத காடாத் துணி கிட்டத்தட்ட அதே நிறம். சாயம் வேண்டியதில்லை, வெளுத்துப்போகும் என்ற கவலையும் இல்லை.

மூன்றாவது, மலை. கம்பத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு நெடுக்குப் பட்டை. வரைபடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நம் மேற்கு எல்லையில் நிற்பதும் அப்படித்தான். அதற்கு மயில்கழுத்து நிறம். பாவு நீலமும் ஊடை பச்சையுமாக நெய்த துணி அது. ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. அம்பாசமுத்திரத்திலிருந்து காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பொதிகையைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியும். நீலமா பச்சையா என்று யாரும் அதைப் பிடித்துவைக்கவும் முடியாது. மலைப்பட்டையின் நடுவிலிருந்து நுனி வரைக்கும் ஒரே செம்புப்பட்டை. மடகாஸ்கர், பெனின் கொடிகளிலும் கம்பத்தருகே நெடுக்குப் பட்டை உண்டு. அங்கே மீதி இடத்தை இரண்டு கிடைப்பட்டைகள் பங்குபோட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு கோடு மட்டும் ஓடுவதால் இதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. மேல்கீழ் ஒன்றாக இருப்பதால் தலைகீழாக ஏற்றிவிடும் ஆபத்தும் கிடையாது.

அண்ணாச்சி இதைப் பார்த்து எந்தச் சங்கத்தின் பெயரையும் சொல்லவில்லை. "பாய் மாதிரி இருக்கிறது" என்றார். எனக்கு அது போதும். ரவிக்கை தைக்க வந்த புன்னைக்காயல் மதினி ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது. எங்கள் கடல் எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நுனியில் ஒரு நீலப்பட்டை வைத்தும் தைத்துப் பார்த்தேன். இரண்டு நெடுக்குப் பட்டைகளுக்கு நடுவே ஆறு ஒடுங்கிப்போகிறது. நுனியில் கூடுதலாக ஒரு இணைப்பு வந்தால் ஆடிக்காற்றில் முதலில் பிரிவதும் அதுதான். கடலை விட்டுவிட்டேன். மதினிக்கு இதில் சம்மதம் இல்லை. கடற்கரைக்காரர்கள் வேறு வழி சொன்னால் தைத்துப் பார்க்கத் தயாராக இருக்கிறேன்.

தைக்க விரும்புகிறவர்களுக்கு அளவு: நீளம் 900 மில்லிமீட்டர், அகலம் 600. கம்பப் பக்க மயில்கழுத்துப் பட்டை 225. மீதி 675 நீளத்துக்கு, அகலத்தை மூன்றாகப் பிரித்து மேலே காடா 240, நடுவில் செம்பு 120, கீழே காடா 240. இணைப்புக்கும் மடிப்புக்கும் தனியாகத் துணி விட்டு வெட்டுங்கள். நீளவாக்கில் பாவு ஓட வேண்டும். காடாவை ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையில் அது மட்டும் சுருங்கி, செம்புப்பட்டை அலையாக நிற்கும். மயில்கழுத்து பட்டிலும் செயற்கைப் பட்டிலும் எங்கும் கிடைக்கிறது. செம்பு நிறம்தான் சிக்கல். கடைகளில் செம்பு என்று கேட்டால் காப்பிப்பொடி நிறத்தையோ செங்கல் நிறத்தையோ எடுத்துப் போடுகிறார்கள். பாவு ஆரஞ்சும் ஊடை அரக்குமாக நெய்த துணியில் அந்த மினுமினுப்பு வருகிறது. ஒரு பழைய சேலையின் முந்தானையில் கிடைத்ததைவைத்து முதல் கொடியைத் தைத்தேன். முழுத் துணியாக வேண்டும் என்று திருநெல்வேலி டவுன் ரத வீதியில் சில கடைகளில் சொல்லிவைத்திருக்கிறேன். யாருக்காவது அப்படித் துணி நெய்கிற தறி தெரிந்தால் எழுதுங்கள். கிடைக்கும்வரை அவசரப்பட்டுச் சிவப்பில் தைத்துவிட வேண்டாம்.